ஸ்டெல்லா வாயால் ஊதிய புல்லாங்குழல்

தெலுங்கில் அடிபட்டால் 'தெப்பலு' என்கிறார்கள். எனக்கு அது தெரியாது. திருச்சியில், எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில், மாதத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஒருவர் படபடவென்று பேசினார். அதில் எனக்குப் புரிந்தவை மூன்றே சொற்கள்: கார்த்திகா, ஹாஸ்பிடல், தெப்பலு. தெப்பக்குளம் உள்ள ஊரில் வளர்ந்தவளுக்குத் தெப்பம் என்றால் தண்ணீர்தான். "என் பொண்ணு தண்ணியில விழுந்துட்டா" என்று நான் கத்தியதில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்களாம். ஹைதராபாத் வந்து சேரும்வரை அவளுக்கு நீச்சல் கற்றுத்தராத குற்றத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால், கொண்டாப்பூர் சாலையில் ஸ்கூட்டரில் போன அவளைத் தண்ணீர் லாரி ஒன்று தட்டிவிட்டுப் போயிருந்தது.

மருத்துவமனையில் கழிந்த முதல் பத்து நாட்களைப் பற்றி எழுத இப்போதும் என்னால் முடியவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் கம்பி வைத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் கணவருக்குப் போன வருடம்தான் இதயத்தில் அடைப்பு நீக்கியது. அதனால் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, கார்த்திகாவின் நான்காம் மாடி வீட்டில் ஆறு வாரம் நான் மட்டும் இருந்தேன்.

அந்தத் தெருவில் நான்கு கடைக்கு ஒன்று 'கர்ரி பாயின்ட்'. சோறு மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, குழம்பு, கூட்டு, ரசத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிப் போகிறார்கள். எங்கள் ஊரில் இப்படி வாங்கினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வரிசையில் நின்று வாங்குகிறார்கள். புளிச்சக்கீரைப் பருப்பு நன்றாகவே இருந்தது. ஆனாலும் கார்த்திகா அதை இரண்டாம் முறை கேட்ட அன்று மாலையே நான் புளியைக் கரைத்து வத்தக்குழம்பு வைத்துவிட்டேன்.

ஐந்தாம் வாரம் டாக்டர், "எலும்பு கூடிவிட்டது, இனிமேல் கைத்தடியோடு நடக்கலாம், வெளியே போகலாம்" என்றார். கார்த்திகா வீட்டுக்குள் நடந்தாள். வாசல் கதவைத் தாண்டவில்லை. லிஃப்ட்வரைக்கும் வா என்பேன். "நாளைக்கு ம்மா." கீழே கேட் வரைக்கும்? "நாளைக்கு." சாலையில் ஹாரன் அடித்தால் அவள் விரல்கள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடிப்பதைப் பார்ப்பேன். இனி இந்த ஊர் வேண்டாம் என்று நான் முடிவுசெய்தேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு இரண்டு பேருக்கும் இடம் போட்டாயிற்று. திருச்சியிலிருந்தே வேலை பார்க்கட்டும், அல்லது பார்க்காமல் இருக்கட்டும். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை பத்து மணிக்கு ஜாஸ்மின் என்ற பிசியோதெரபிப் பெண் வருவாள். கார்த்திகாவின் வயதுதான். முதல் நாள் அவள் தமிழ் பேசியதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்தத் தமிழைப் பழகிக்கொள்ள மூன்று நாள் பிடித்தது. "ஹவ் ஆன்ட்டி" என்றால் ஆமாம். "நக்கோ" என்றால் வேண்டாம். "கைக்கு" என்றால் எதற்கு. எண்ணிக்கை மட்டும் தெலுங்கில். "ஒகட்டி, ரெண்டு, மூடு, காலை இறக்கு. கைக்கு முறைக்கிறே? வலிச்சா கத்து, முறைக்க நக்கோ." நான் சொன்னால் பத்து முறைக்கு மேல் காலைத் தூக்காதவள் ஜாஸ்மின் சொன்னால் முப்பது முறை தூக்கினாள். போகும்போது ஜாஸ்மின் என் ரசத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவாள். அதற்காகத்தான் நான் அவளை மன்னித்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, காலைத் தூக்கி நிறுத்திய நிலையில் கார்த்திகாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஜாஸ்மின் கைப்பேசியைத் துழாவியபடி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள்.

"தூருரூ துத்துத்தூ, தூருரூ தூ..."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். அது ஒரு மழைப் பாட்டின் நடுவில் வரும் இசை. பாட்டு தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தை 'தூருரூ' என்று யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அசல் பாட்டில் அந்த இடத்தில் புல்லாங்குழல் வேறு மாதிரி போகும். உலகத்தில் பொன்மலைக்காரர்கள் மட்டும்தான் அதை இப்படித் தப்பாக முணுமுணுப்பார்கள். தப்புக்குக் காரணம் ஸ்டெல்லா.

நான் பொன்மலையில் பிறந்தவள். அங்கே எல்லோர் வீட்டிலும் ஒருவராவது ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் வெல்டர், தபலா வாசித்தவர் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஃபிட்டர் ஒருவரின் மகள் ஸ்டெல்லா, பாடகி. அந்தக் குழுவில் புல்லாங்குழல்காரர் கிடையாது. அதனால் குழல் வருகிற இடங்களையெல்லாம் ஸ்டெல்லாவே மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு வாயால் ஊதுவாள். ரயில்வே மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் பாட்டுக்குக் கை தட்டாது, அதற்குத்தான் தட்டும்.

எனக்கு அவளைப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் பொய். நான் பத்தாவது படித்தேன், அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். மஞ்சள் சேலையில் அவள் மேடை ஏறும்போது, அது என் சேலை, என் மேடை, என் தொண்டை என்றே எனக்குத் தோன்றும். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவளைப் போலப் பாடிப் பார்ப்பேன். பள்ளி ஆண்டு விழாவில் அதே மழைப் பாட்டை, அதே தூருரூவோடு பாடினேன். பாட்டு டீச்சர் மேடைக்குப் பின்னால் என் காதைப் பிடித்தார். "நடுவுல என்னடி அது, ரயில் எஞ்சின் மாதிரி?" ஸ்டெல்லா செய்தால் கைதட்டல், நான் செய்தால் எஞ்சின். அன்றோடு நான் பாடுவதை விட்டேன். அவள் பாட்டைக் கேட்பதை மட்டும் விட முடியவில்லை.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஹைதராபாத் பக்கம் மாற்றலான ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் போனபோது எனக்கு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. பிறகு, சுருதி பிசகாமல் பாடும் ஒரு பெண்ணையும் நிஜப் புல்லாங்குழல்காரரையும் குழுவில் சேர்த்தார்கள். நானும் போய்க் கேட்டேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

"இதை எங்கே கத்துக்கிட்டே?" என்று ஜாஸ்மினைக் கேட்டேன்.

"இதுவா? இது பாட்டே இல்ல ஆன்ட்டி. அம்மா குக்கர் விசில் எண்ணுறப்ப பண்ணுவாங்க."

"உங்க அம்மா பேரு ஸ்டெல்லாவா?"

அவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அரே! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் பாடுவாங்களா?"

"ஊதுவாங்களோ கத்துவாங்களோ. கேக்காம எங்க போறது? ரெண்டு ரூம் வீடு."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு டிக்கெட்டும் இல்லாமல், பனியில் உட்காராமல், முன் வரிசைக்குச் சண்டை போடாமல், இருபத்தைந்து வருடமாக இந்தப் பெண் அந்தக் குரலை அடுக்களையில் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அது பாட்டே இல்லை என்கிறாள்.

வியாழக்கிழமை வந்தபோது ஜாஸ்மின், "அம்மா உங்களைக் கூப்பிடுறாங்க, பொன்மலைக்காரங்கன்னு சொன்னதும் குதிக்கிறாங்க" என்றாள். பிறகு கார்த்திகா பக்கம் திரும்பி, "நீயும் வா. மௌலா அலியில எங்க வீடு. சனிக்கிழமை. நான் அங்க இருப்பேன்" என்றாள்.

"சரி" என்றாள் கார்த்திகா.

ஒரே வார்த்தை. கேட்வரை வரச்சொல்லி நான் எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன்! சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியும். நான் அடுக்களைக்குப் போய், கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

சனிக்கிழமை வாடகைக் காரில் கிளம்பினோம். கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய வண்டி எது பக்கத்தில் வந்தாலும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஹப்சிகுடா வருவதற்குள் என் கையில் நாலு பிறை. அந்த வலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். திருச்சியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்து, கூட்டு வைத்து இறக்கியிருக்கலாம். அவ்வளவு நேரம் இங்கே ஒரே பாலத்தின் கீழ் நின்றோம்.

மௌலா அலி என்றதும் ஓட்டுநர் எங்களை மலைமேல் உள்ள தர்காவுக்குப் போகிறவர்கள் என்று தானாகவே முடிவுசெய்துவிட்டார். வழியெல்லாம் தெலுங்கில் ஆறுதலாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கைத்தடியைப் பார்த்து, நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்க வேண்டும். மலையடிவாரத்தில் நிறுத்தி, "கொண்ட வச்சேசிந்தி அம்மா" என்று மலையைக் காட்டிக் கைகூப்பினார். எங்கள் முன்னால் படிக்கட்டுகள் வானத்துக்குப் போயின. கார்த்திகா அவரிடம் தெலுங்கில் பேசி, ரயில்வே குடியிருப்புப் பக்கம் திரும்பச் சொன்னாள். குறுக்குத் தெருவில் சந்தை போட்டிருந்ததால் கார் போகாது என்று கைவிரித்தார்.

"வேற கார் கூப்பிடவா?" என்றேன்.

"இங்கயா? இதுக்குள்ள எந்தக் கார் வரும்?" அவள் கதவைத் திறந்தாள். முதலில் கைத்தடி இறங்கியது. அப்புறம் நல்ல கால். அப்புறம் அவள்.

கொத்தமல்லிக் கட்டுகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் நடந்தோம். நான் கையை நீட்டினேன். "பிடிக்காதம்மா, பிடிச்சா விழுந்துருவேன்" என்றாள். நான் ஒரு அடி பின்னால், இரண்டு கையையும் விரித்தபடி, கோழிக்குஞ்சைத் துரத்துகிறவள் மாதிரி போனேன். தக்காளி விற்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. கார்த்திகா நின்றாள். லாரி போகும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். நான்தான் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கதவைத் திறந்த பெண் பருமனாக, தலைக்குச் சாயம் பூசி, நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். "வா வா வா, பொன்மலையில எந்த லைனு?" என்றாள்.

அது ஸ்டெல்லாவின் குரல் இல்லை. அரிசி புடைக்கிற சத்தம் மாதிரி இருந்தது.

"தைராய்டு ஆபரேஷன். எட்டு வருஷம் ஆச்சு. நரம்புல பட்டுருச்சாம். பாட்டு கீட்டு எல்லாம் பந்த். விசில் எண்ண மட்டும் வாய் ஊதுது" என்றாள்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரு கண நேரம் எனக்குள் ஏதோ இனித்தது. பிறகுதான் உறைத்தது. முப்பத்தேழு வருடமாகப் பொறாமைப்பட்டுக் காத்துவந்த பொருள் அந்த வீட்டில் இல்லை. நான் மட்டும் வந்து நிற்கிறேன்.

மசால் வடையும் இரானி டீயும் வந்தன. நான் மஞ்சள் சேலையைப் பற்றிச் சொன்னேன். மைதானத்துக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "குழல்காரர் இல்லாததே நல்லதாப் போச்சு" என்றேன்.

ஸ்டெல்லா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு சொன்னா இல்லைன்னு? இருந்தாரு! பெயின்ட் ஷாப் ஆளு. எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு. நான் அவர் இடத்தையெல்லாம் வாயால ஊதிட்டேன்னு கோவிச்சுக்கிட்டு, குழலை உறையில போட்டுக்கிட்டு ஒரே போக்கு. அப்புறம் யாரும் வரல."

"ஏன் ஊதினீங்க?"

"பயம்டி. பாடுறப்ப ஒண்ணும் தெரியாது. நடுவுல பாட்டு இல்லாம நிப்போம் பாரு, அப்பத்தான் ஜனம் கண்ணுக்குத் தெரியும். காலு தடதடன்னு ஆடும். சும்மா நிக்க முடியல, ஊதிட்டேன். ஒரு நாள் ஊதாம இருந்து பாத்தேன். ஸ்பீக்கர் பெட்டி மேலயே சாஞ்சுட்டேன்."

கார்த்திகா சிரித்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவை, சத்தமாக. நான் என் காலித் தட்டோடு அடுக்களைக்குப் போனேன். ஜாஸ்மின் அங்கே சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி நின்றதும் கூடத்திலிருந்து கார்த்திகாவின் குரல் கேட்டது.

"எனக்கும் சும்மா இருந்தாதான் ஆன்ட்டி. ரோட்ல கிடந்தப்ப டயர் என் மூஞ்சிகிட்ட இருந்துச்சு. கல்லு ஒண்ணு அதுல மாட்டியிருந்துச்சு. குளிக்கிறப்பகூட ஹாரன் கேக்குது."

"ஹவ்" என்றாள் ஸ்டெல்லா. "கேக்கும். இன்னொரு வடை எடு."

டயரைப் பற்றி, கல்லைப் பற்றி, குளியலறையைப் பற்றி ஆறு வாரத்தில் என்னிடம் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அடுக்களை வாசலில், தட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"ஊருக்கு நாளைக்காமே?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் போகல ஆன்ட்டி. திங்கக்கிழமையிலிருந்து ஆபீஸ் வேலையைத் தொடங்கறேன்னு எழுதிட்டேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லியாச்சு போ. பின்னாடிதான் நிக்கிறா."

கார்த்திகா திரும்பினாள். ஜாஸ்மின், தேவையே இல்லாமல், மறுபடி மிக்சியைப் போட்டாள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா என்னோடு வாசல்வரை வந்தாள். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "உங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறா. என்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட எப்படிச் சொல்றா?"

"உன்கிட்ட சொன்னா நீ அழுவே. நான் எதுக்கு அழப்போறேன்?" என்றாள் அந்த அரிசி புடைக்கும் குரலில். "நீ மட்டும் யோக்கியமா? ஆறு வாரமா என் பொண்ணு வீட்டுக்கு வந்ததும் உன் ரசத்தைப் பத்தித்தான் பேசுறா. இத்தனை வருஷமா நான் வைக்கிறது என்ன, கழனித் தண்ணியா? என்னடி போடுறே அதுல?"

சொல்லவில்லை. பெருங்காயம் என்று மட்டும் சொன்னேன். மிளகோடு நான் சேர்ப்பதை இந்தக் கட்டுரையிலும் எழுதமாட்டேன்.

திரும்பும்போது காரில் கார்த்திகா, "கோவமாம்மா?" என்றாள். "இல்லை" என்றேன். "பொய்" என்றாள். "டயர்ல இருந்த கல்லு எவ்வளவு பெருசு?" என்று கேட்டேன். அவள் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். அழாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படியும் அவள் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னை வழியனுப்பக் கார்த்திகாவும் ஜாஸ்மினும் செகந்தராபாத் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். கூட்டம் சேர்வதற்குள் கிளம்புகிறேன் என்று, ரயில் புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே கார்த்திகா எழுந்தாள். பிளாட்பாரத்தில் தள்ளுவண்டி குறுக்கே வந்தபோது ஜாஸ்மின் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனாள். கார்த்திகா அந்தக் கையையும் தட்டிவிட்டாள். எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குள் அவள் மறையும்வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கீழே பார்த்து நடக்க வேண்டியவள், திரும்பக் கூடாதுதான்.

வண்டி நகர்ந்து சிறிது நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் எதிர் இருக்கையைக் காட்டி, கார்த்திகாவின் பெயரைப் படித்தார். தமிழ் தெரிந்தவர்.

"இவங்க எங்கம்மா?"

"வரல சார். வீட்டுக்குப் போயிட்டா."

"வீடு எந்த ஊரு? நடுவுல எங்கயாவது ஏறுவாங்களா?"

"ஏற மாட்டா" என்றேன். "இதே ஊர்தான்."